ஒரே சனிக்கிழமையில் முப்பத்தொன்பது கமிட்

எனக்கு அவள் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட இது மேல்.

நானும் அவளும் திருவொற்றியூரில் ஒரே நிறுத்தத்தில் காலேஜ் பஸ் ஏறுவோம். ஒரே வகுப்பு, கம்ப்யூட்டர் படிப்பு. அவள் அப்பாவுக்கு மெயின் ரோட்டில் பெயின்ட் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து ஊன்றிய குடும்பம். கீழே கடை, நடுவில் சரக்கு அறை, மேலே வீடு. எங்கள் வீடு அந்த மெயின் ரோட்டுக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி, மாடியில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அவருக்கு மார்க்கிங் வேலை. எந்தத் தகடு எந்தப் பார்ட்டிக்குப் போகிறதோ அவர்களுடைய எழுத்தை மஞ்சள் பெயின்டில் அதன் மேல் எழுதுவது. அந்த மஞ்சள் பெயின்டும் அவள் கடையிலிருந்துதான் போகும். அதிலும் எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது.

அவளிடம் எனக்கு ஆகாதவை என்று எழுதப் போனால் தாள் பத்தாது. அவள் லேப்டாப் புதிது. அவள் யாரிடமும் கூச்சப்படாமல் சந்தேகம் கேட்பாள். அவள் குடையை மறந்து பஸ்ஸில் விட்டுவிட்டு வருவாள், மறுநாள் இன்னொரு குடையோடு நிற்பாள். முதல் வருஷம் வகுப்பில் நான் எழுந்து, "அந்த லிஸ்ட்லயே கீது மேம்" என்று சொன்னபோது மொத்த வகுப்பும் சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நல்லவளாகவும் இருந்து தொலைத்தால் ஒருத்தியை எப்படி வெறுப்பது?

ஒரே ஒரு விஷயத்தில் அவளைவிட எனக்குக் கை ஓங்கி இருந்தது. நிரல் எழுதுவது எனக்குச் சட்டென்று வரும். அவள் கேள்வித்தாளை நாலு முறை படித்து முடிப்பதற்குள் நான் பாதி அடித்திருப்பேன். ஆனால் அடிப்பதற்கு என்னிடம் ஒழுங்கான மெஷின் இல்லை. அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த இலவச லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிரை விட்டுவிடும். புதிதாக எதையும் ஏற்றச் சொன்னால் காற்றாடி மட்டும் சுற்றும்.

அதுவரை எங்கள் அசைன்மென்ட் எல்லாம் பென்டிரைவில்தான் போய்க்கொண்டிருந்தது. ஃபைனல், ஃபைனல் டூ, ஃபைனல் கரெக்ட், ஃபைனல் அம்மா சத்தியமா என்று ஒரே வேலைக்கு எட்டு பிரதி இருக்கும். ஒருமுறை நான் எட்டில் தப்பானதைக் கொடுத்து பாதி மார்க் வாங்கினேன். மூன்றாம் வருஷம் வந்த மேடம் முதல் நாளே பென்டிரைவை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

"இனிமே எல்லாம் கிட்ல தான். யார் என்ன செஞ்சீங்க, எப்ப செஞ்சீங்கன்னு அதுவே எழுதி வெச்சுக்கும். நான் உங்க வாய நம்ப மாட்டேன். லாக்கைத்தான் நம்புவேன்."

கிட் என்பது அப்படியொன்றும் புரியாத வித்தை இல்லை. கொஞ்சம் வேலை செய்ததும் அதைப் பத்திரப்படுத்தி, கூடவே ஒரு வரி குறிப்பு எழுதிவிட வேண்டும். அது ஒரு கமிட். அதைக் கூட்டாளியும் பார்க்கும்படி பொது இடத்துக்கு ஏற்றினால் புஷ். இன்னார், இந்தத் தேதி, இந்த மணி என்று எல்லா கமிட்டும் வரிசையாக நிற்பதுதான் லாக். பத்து நாள் முன்னால் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை இன்று கெடுத்துவிட்டால் பத்து நாள் பின்னால் போய் எடுத்துக்கொண்டு வரலாம். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தப்பாகக் கொடுத்த பென்டிரைவ் ஞாபகம் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கமாண்டுகளைப் பார்த்துப் பேஜாராகி உட்கார்ந்திருக்க, ஒரே வாரத்தில் நான் எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருந்தேன்.

இரண்டு இரண்டு பேராக ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு வேலை செய்ய வேண்டும். நானும் அவளும் ஒரு ஜோடி. நைனா தினமும் வீட்டுக்கு வந்து சொல்லும் சண்டையைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரும்பு ஏற்ற வரும் லாரிகளில் எது முதலில் வந்தது, எது அடுத்து என்று டிரைவர்களுக்குள் தினமும் அடிதடி. வருகிற லாரிக்கெல்லாம் வரிசை எண் கொடுக்கும் ஒரு செயலி. யோசனை என்னுடையது. மேடமுக்குப் பிடித்துவிட்டது.

கூடவே அவர் இன்னொன்றும் சொன்னார். செமஸ்டர் முடிவில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவரை மட்டும் ஒரு கம்பெனியின் இன்டர்ன்ஷிப்புக்குச் சிபாரிசு செய்வாராம். போகிறவர்களுக்கு முதல் நாளே கம்பெனி லேப்டாப் கையில் கொடுத்துவிடுமாம். மற்றவர்கள் சர்டிஃபிகேட் கிடைக்குமா, வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். எனக்கு லேப்டாப் என்ற சொல்லுக்கு அப்புறம் எதுவும் காதில் விழவில்லை. யாரிடமும் இரவல் கேட்காமல், யார் வீட்டுப் படியும் ஏறாமல், என் மடியில் வைத்து அடிக்க ஒன்று.

வேலை நடந்தது அவள் வீட்டுச் சரக்கு அறையில். பெயின்ட் டின்களுக்கும் பிரஷ் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மேசை. அவள் கேள்வியைப் படிப்பாள், நான் அடிப்பேன். அவள் அம்மா தட்டில் எதையாவது வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். "ஏ பிள்ள, சாப்பிடாம போயிராத, என்ன?" அந்தத் தட்டையும் காலி செய்துவிட்டுத்தான் பொறாமைப்பட்டேன், அதையும் மறைக்கவில்லை.

முதல் நாள் கிட்டை ஏற்றும்போது அது பெயரும் மெயிலும் கேட்டது. அவள் லேப்டாப், அதனால் அவள் பெயரைப் போட்டாள். அதற்கு அப்புறம் அந்த லேப்டாப்பில் யார் விரல் தட்டினாலும் அவள் பெயர்தான் பதியும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எல்லாக் கமாண்டும் தெரிந்த எனக்கு, அந்த முதல் கமாண்டு என்ன செய்கிறது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. லாக்கை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் பார்த்தேன். குறிப்பு வரிகளைப் படித்தேனே தவிர, பெயர் இருக்கும் இடத்தில் கண் நிற்கவில்லை. எல்லாமே என் கையால் அடித்தது, அதில் யாருடையது என்று எதைப் பார்ப்பது?

முதல் ரிவ்யூவில் மேடம் லாக்கைப் பெரிய திரையில் போட்டார். மொத்தம் நாற்பத்து நாலு கமிட். அவள் பெயரில் நாற்பது. என் பெயரில் நாலு. அந்த நாலும் காலேஜ் லேபில் உட்கார்ந்து எழுத்துப் பிழை திருத்தியவை.

"வெரி குட்," என்று மேடம் அவளைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னும் கொஞ்சம் முயற்சி எடுக்கணும்மா. கூட்டாளி மேல சாய்ஞ்சுக்கக் கூடாது."

நான் வாயைத் திறந்தால் கீது, கினு என்று வந்துவிடும், மறுபடியும் சிரிப்பார்கள். அவள்தான் எழுந்தாள். "நாங்க சேர்ந்துதான் மேம் செஞ்சோம்."

"எல்லா ஜோடியும் அதத்தான் சொல்றாங்க. லாக் இருக்குல்ல, உக்காரு."

இன்றைக்கு யோசித்தால் அவள் எனக்காகத்தான் பேசினாள். அன்றைக்கு எனக்குக் கேட்டது 'சேர்ந்து' என்ற ஒரு சொல் மட்டும். யாருடி சேர்ந்தது? அடித்தது நான், யோசித்தது நான், லாரி என்னுடையது, சண்டை என் நைனாவுடையது. பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றதற்குப் பெயர் சேர்ந்தா? பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் இருந்தும் நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். ராயபுரம் தாண்டும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. போன் செய்தாள்.

"ஏண்டி வரல?"

"வூட்ல வேல கீது."

"அந்தப் பேர் விஷயம் மேம்கிட்ட போய் ரெண்டு பேரும் சொல்லுவோம்டி. என் லேப்டாப்தான் காரணம்னு."

"இன்னா சொல்றது? சொல்லி இன்னா ஆவப் போவுது? நீ வெச்சுக்கோ."

போனை வைத்துவிட்டேன். எனக்கு அவள் வந்து சொல்லிக் கிடைப்பது வேண்டாம். அவளுடைய கருணையால் என் பெயர் வந்தால் அதுவும் அவள் கொடுத்ததாகத்தானே இருக்கும்.

அந்தப் பத்து நாளும் அவள் தனியாக வேலை செய்தாள். ஒவ்வொரு முறை புஷ் செய்யும்போதும் என் போனில் அறிவிப்பு வந்து விழும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது ஒன்று. நைனாவுக்குச் சோறு போடும்போது ஒன்று. மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வயிறு எரிந்தது. அவள் குறிப்பு வரிகள் என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தன. முற்றுப்புள்ளிகூட வைத்திருந்தாள்.

இரண்டாவது ரிவ்யூ திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் காலேஜ் லேபுக்குப் போனேன். சனிக்கிழமை லேப் திறந்திருக்கும், ஆள் இருக்காது. பழைய கமிட்டுகளுக்குப் பின்னோக்கிப் போய், ஒவ்வொன்றாக நிறுத்தி, எழுதியவர் பெயரை மாற்ற ஒரு வழி உண்டு. அதை நான் கற்றுக்கொண்டிருந்தேன். மேடம் அதைச் சொல்லிக் கொடுக்கும்போது, இதை அவசியம் இல்லாமல் செய்யாதீர்கள் என்றும் சொன்னார். எனக்கு அவசியம் இருந்தது.

என் வேலை என் பெயரில் வர வேண்டும், அவ்வளவுதான் முதலில் நினைத்தேன். உட்கார்ந்த பிறகுதான் பஞ்சாயத்து ஆரம்பித்தது. இது யாருடையது? நான் அடித்தது, என்னுடையது. இது? அவள் சொல்ல நான் அடித்தது, அடித்தவளுக்குத்தான். இது? அவளே அடித்தது, ஆனால் யோசனை என்னுடையது. வாதியும் நானே, நீதிபதியும் நானே. முதல் பக்கத்தின் நிறம் அவள் தேர்ந்தெடுத்தது. பெயின்ட் கடைக்காரி, வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். தலைப்புப் படமும் அவளுக்கே. பத்து நாளில் அவள் தனியாகச் செய்த ஐந்தில் நாலையும் விட்டுவிட்டேன். ஆக மொத்தம் ஆறு. கடைத் தேங்காயை எடுத்துக் கடைக்காரனுக்கே தானம் செய்த பெருமை எனக்கு.

அந்த ஐந்தாவதுதான் மிச்சம். நாலே வரி. குறிப்பில், ஒரே எண் இரண்டு லாரிக்கு வருவதைச் சரி செய்தேன், என்று எழுதியிருந்தாள். அந்தப் பிழை எனக்குத் தெரியும். எப்போதாவது ஒருமுறை இரண்டு லாரிக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். நான் ஒரு மாதம் தேடியும் சிக்கவில்லை. அதை இவள் கண்டுபிடித்துவிட்டாள், நான் இல்லாமல். சுட்டியை அந்த வரி மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிழையைச் செய்தது நான், ஆகவே அதைத் திருத்துவதும் என் வேலையில்தான் சேர்த்தி என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அதையும் எடுத்துக்கொண்டேன். அந்த நாலு வரியை நான் படிக்கக்கூட இல்லை. யாருடையது என்பதைத்தான் பார்த்தேன்.

பழைய லாக்கை அழித்து என்னுடையதை மேலே ஏற்றும்போது மணி நாலு. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவளிடமிருந்து ஏழு அழைப்பு, எதையும் எடுக்கவில்லை. மத்தியானம் படிக்கட்டில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று வருஷத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நைனா அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார்.

"வாம்மா வாம்மா. இன்னாத்துக்கு நின்னுகினே கீற, குந்து. நம்ம பெயின்ட் கடையாண்ட பொண்ணு தான நீ? உங்க கடை மஞ்சள் மாதிரி வராதும்மா, மழையில நின்னாகூட அழியாது." அவள் உட்கார வசதியாகப் பாயை உதறிப் போட்டுவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார்.

அவள் அறையைச் சுற்றிப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், சண்டை போட அது ஒரு சாக்காக இருந்திருக்கும். லேப்டாப்பைத் திறந்தாள்.

"காலைல இருந்து புஷ் ஆகல. மேல இருக்கறதும் என்கிட்ட இருக்கறதும் வேற வேறன்னு சொல்லுது. எறக்கிப் பாத்தேன்." இரண்டு லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். "நீதான பண்ணது?"

"ஆமா. இன்னா இப்போ? நான் அடிச்சத நான் எடுத்துக்கினேன்."

"எடுத்துக்கோ. நான் வேணாங்கல. நானே மேம்கிட்ட சொல்லலாம்னுதான கூப்ட்டேன்." விரலால் ஒரு வரியைத் தொட்டாள். "இது?"

நான் பாயின் ஓரத்தில் ஒரு கோரையைப் பிய்த்தேன்.

"இது நான் பண்ணது. உனக்கே தெரியும்."

"ஒண்ணுதான. உனக்கு இன்னா குறஞ்சு போச்சு? கடை கீது, வூடு கீது, லேப்டாப் கீது..."

"நீ அடிக்கறப்ப நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருப்பேன்," என்றாள். குரல் உயரவில்லை. "இவளுக்கு மட்டும் எப்டி டக்கு டக்குனு வருதுன்னு எரிச்சலா இருக்கும். சில நாள் நீ போனதும் அழுதிருக்கேன். நீ வராத பத்து நாள்ல இது ஒண்ணு நானா கண்டுபிடிச்சேன். இந்த மூணு வருஷத்துல எனக்குன்னு இது ஒண்ணுதான்டி."

அவளுக்கு என் மேல் பொறாமை! கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம்தான்.

"உன்கிட்ட பழசு அப்படியே கீதுல்ல?" என்றேன். "மேல ஏத்திடு. எல்லாம் உன் பேருக்கு வந்துடும்."

"ஏத்த மாட்டேன். அதுல எனக்கு இல்லாதது எல்லாம் என் பேர்ல இருக்கு. உன்னதுல உனக்கு இல்லாதது உன் பேர்ல இருக்கு. ரெண்டும் பொய்தான்." லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினாள். "இந்த ஒண்ண மட்டும் திருப்பிக் குடு. போதும்."

அவள் லேப்டாப்பைத் தொட எனக்கு மனம் வரவில்லை. "காலைல காலேஜ்ல பண்றேன்," என்றேன்.

"சத்தியமா?"

"பண்றேன்டி, போ."

திங்கட்கிழமை காலை ரிவ்யூவுக்கு முன்னால் எனக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. லேபில் உட்கார்ந்து திறந்தும் வைத்தேன். ஒரு பெயரை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். மாற்றினால் மேடம் அதைப் பார்ப்பார். கூட்டாளிக்குச் சிக்காத பிழையை இவள் தீர்த்தாள் என்பார். லேப்டாப் அவளுக்குப் போகும், ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறவளுக்கு. கால் மணி நேரமும் அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

மேடம் லாக்கைத் திரையில் போட்டார். பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். பெயரை மாற்றும்போது நான் பயன்படுத்திய கமாண்டு தேதியையும் நேரத்தையும் சேர்த்து மாற்றியிருந்தது. அவளுடைய ஆறு கமிட்டும் பழைய தேதிகளில் அங்கங்கே நின்றன. நான் எடுத்துக்கொண்ட முப்பத்தொன்பதும் ஒரே சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் வரிசையாக நின்றன. கிட் என் விரல் நுனியில் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்.

"ஒரு செமஸ்டர் வேலையை ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டியாம்மா?" என்றார் மேடம்.

"என் வேலதான் மேம். அவ லேப்டாப்ல அடிச்சது, அதான் அவ பேர் வந்துச்சு. எத வேணா கேளுங்க, சொல்றேன்."

கேட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து இது ஏன், இது எப்படி என்று கேட்டார். நான் சொன்னேன். கீது என்றும் வந்தது, கினு என்றும் வந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது தெரிந்தது. இருபது கமிட் தாண்டியதும் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது அந்த நாலு வரியைத் திறந்தார்.

"இது நல்லா இருக்கே. இந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிச்ச?"

நான் அந்த நாலு வரியை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். படித்தும் ஏறவில்லை. எழுத்துகள் தெரிந்தன. பக்கத்தில் அவள் நிற்கிறாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

"அது நான் பண்ணல மேம்," என்றேன். "அவ பண்ணது. அதுவும் நான் மாத்தினேன்."

மேடம் அவள் பக்கம் திரும்பினார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "எங்க கடையில பெயின்ட் கலக்க நிக்கிறவங்களுக்கு டோக்கன் கிழிச்சுக் குடுப்போம் மேம். நடுவுல ஒருத்தர் போய்ட்டா அந்தச் சீட்டு திரும்பி வராது, கிழிச்சது கிழிச்சதுதான். எங்க செயலியில ஏத்தி முடிச்சதையும் சேர்த்துப் பட்டியல்ல எத்தன லாரி நிக்குதுன்னு எண்ணி, அதோட ஒண்ணு கூட்டி அடுத்த நம்பர் குடுத்தோம். ஒரு லாரி பஞ்சர்னு பட்டியல விட்டுப் போச்சுன்னா எண்ணிக்கை குறைஞ்சு, குடுத்த நம்பரே மறுபடியும் வரும். நிக்கிற ஆள எண்ணக் கூடாது மேம், கடைசியா கிழிச்ச சீட்ட எண்ணணும்."

இவ்வளவுதான். ஒரு மாதம் நான் தேடியது. எனக்கு லாரி தெரியும், சண்டை தெரியும். டோக்கன் கிழித்துக் கொடுக்க எனக்குக் கடை இல்லை. அந்த நிமிஷம் அவளுடைய வீட்டைவிட, லேப்டாப்பைவிட, அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்கு ஆசை வந்தது. அது என் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாதா?

மேடம் எனக்கு வேலைக்கான மார்க்கைப் போட்டு, ஏமாற்றியதற்காகப் பாதியைக் கழித்தார். சிபாரிசு அவளுக்குப் போனது. "இந்த லாக்கை இனிமே ரெண்டு பேரும் தொடக் கூடாது. இப்படியே இருக்கட்டும், நீங்களே பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த நாலு வரி மேல் என் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவள் பெயரோடு இருந்த பழைய பிரதி அவள் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. இன்டர்ன்ஷிப்பில் புது லேப்டாப் வந்ததும் பழையதைக் கடைக்குக் கொடுத்துவிட்டாள். அவள் அண்ணன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கடைப் பில் போட வைத்துக்கொண்டார். அவள் எழுதினாள் என்பதற்கு இப்போது அந்த வகுப்புக்கு வெளியே ஒரு சான்று இல்லை, என் வாயைத் தவிர.

எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்து வைத்திருந்தாள், நான் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. இன்டர்ன்ஷிப் முடிந்ததும் அந்தக் கம்பெனியே அவளுக்கு வேலையும் கொடுத்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன்.

கடைசி வருஷம் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. எதிரில் இருந்தவர் என் பழைய வேலைகளைத் திரையில் புரட்டிக்கொண்டே வந்தார். லாரி வரிசைச் செயலியில் வந்து நின்றார். நாற்பது கமிட்டைத் தாண்டி, அவர் விரலும் அந்த நாலு வரியில்தான் போய் நின்றது.

"இது சின்ன மாற்றம்தான், ஆனா யோசிச்சுச் செஞ்சிருக்கீங்க. எப்படிப் பிடிபட்டுச்சு?"

இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒரு வருஷமாக அதை மனப்பாடமாக வைத்திருந்தேன். "நிக்கிற ஆள எண்ணக் கூடாது சார்," என்றேன், "கடைசியா கிழிச்ச சீட்ட எண்ணணும்." அவர் சிரித்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். இது என் தோழி சொன்னது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

வேலை கிடைத்தது. அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். கத்தினாள், அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள், அவர் பின்னாலிருந்து, "நல்லா இரு பிள்ள" என்றது கேட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"லாரி வேலையைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"அந்த நாலு வரி?"

பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டாங்க," என்றேன்.

"என்ன சொன்ன?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். ஒரு வார்த்த மாத்தல."

"என் பேர் சொன்னியா?"

"இல்லடி."

அந்தப் பக்கம் கடை ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெயின்ட் கலக்கும் மெஷின் சுற்றி நின்றது. யாரோ டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அப்ப எனக்கு ரெண்டு வேலை கெடச்சிருக்குன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். இதையும் அவளே சொல்லிவிட்டாளே என்று எரிந்துகொண்டேதான் சிரித்தேன்.